முடி பிடுங்கும் கோளாறும் மருத்துவச் சோதனையில் சேர்வோரின் பங்கும்

தன் முடியைத் தானே பிடுங்கும் கோளாறு உடையவர்கள், அக்கோளாற்றுக்கான மருத்துவச் சோதனைகளில் சேர்வது பற்றியதே இன்றைய சொற்பொழிவின் பொருள். மருத்துவமனைகளில் ‘கிளினிக்கல் டிரையல்’ என்று வழங்கும் மருத்துவச் சோதனை என்பது, ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ பயன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்பதை, இசைவு தந்த மனிதர்களிடம், முன்கூட்டியே எழுதி வைத்த திட்டப்படி ஆராய்ந்து பார்ப்பதாகும். அதில் சேரலாமா? சேர்ந்தால் என்ன கிடைக்கும்? எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்? இம்மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொள்வதற்கு முன், கோளாற்றின் இயல்பைச் சுருக்கமாகக் காண்பது முறையாகும்.

1889ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தோல் மருத்துவர் ஹாலோப்போ, தன் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்ட ஓர் இளைஞரைப் பற்றி எழுதி, அந்நிலைக்கு ‘டிரைக்கோடில்லோமேனியா’ என்று பெயரிட்டார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இது இடம்பெற்றது 1987இல்தான். பெயரிட்டதற்கும் அந்நூலில் ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. தொடக்கத்தில் உந்துதலை அடக்க இயலாத கோளாறுகளோடு சேர்த்து எண்ணப்பட்ட இது, 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், தேவையற்ற எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓசிடி என்னும் கோளாற்றின் குடும்பத்துக்கு மாற்றப்பட்டது.

பெரும்பாலோருக்கு இது பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் தொடங்குகிறது. தலைமுடி, புருவம், இமைமயிர் என்று எந்த இடத்திலும் கை செல்லலாம். சிலர் மனத்துள் ஏறும் இறுக்கம் தணிவதற்காக, தெரிந்தே, ஒரு குறிப்பிட்ட முடியைத் தேடிப் பிடுங்குகிறார்கள். சிலரோ படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் கை செல்வதே தெரியாமல் பிடுங்குகிறார்கள். ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் கலந்திருப்பதும் உண்டு. பிடுங்கிய முடியை விழுங்குவோரும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்கு அது வயிற்றுக்குள் பந்தாகத் திரண்டு, அறுவை சிகிச்சை செய்யும் நிலை வரை கொண்டுபோய் விடுகிறது.

இத்தகைய ஒன்றைக் கெட்ட பழக்கம் என்று திட்டித் திருத்திவிட முடியுமா? மொட்டையடித்தால் தீர்ந்துவிடுமா? நிறுத்த வேண்டும் என்று பல முறை முயன்றும் நிறுத்த இயலாமல் போவதே இக்கோளாற்றை அறுதியிடும் அடையாளங்களுள் ஒன்றாக இருக்கும்போது, மனவுறுதி இல்லாதவர் என்று பழிப்பது, காய்ச்சல்காரரைப் பார்த்து உடம்பு ஏன் சுடுகிறது என்று அதட்டுவதற்கு ஒப்பாகும். அந்தப் பழிப்புக்கு அஞ்சியே பலர் தொப்பியாலும் முக்காட்டாலும் புருவ மையாலும் மறைத்துக்கொண்டு, மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். மறைக்கப்படும் நோய்க்கு ஆய்வும் குறைவு, ஆய்வு குறைந்த நோய்க்கு மருந்தும் குறைவு என்பதற்கு இக்கோளாறு தக்க சான்றாகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கென்றே ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை.

இனி, சோதனைகளின் பக்கம் திரும்பலாம். மருத்துவச் சோதனை என்பது முதலில் ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை, இக்கோளாற்றைக் குறித்து இதுவரை நடந்த சோதனைகளே படிப்படியாகக் கற்பிக்கின்றன.

முதற்படி, 1989. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும், குளோமிப்ரமின், டெசிப்ரமின் என்னும் இரண்டு மனச்சோர்வு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒரு மருந்தைச் சில வாரம் உண்டவர், பிறகு மற்ற மருந்துக்கு மாறுவார். எந்த வேளையில் எந்த மருந்து என்பது உண்பவருக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. இரு தரப்பும் அறியாமல் நடக்கும் இம்முறைக்கு இரட்டை மறைப்பு என்றும், ஒருவரே இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றி உண்பதற்குக் குறுக்கு மாற்று முறை என்றும் பெயர். மறைப்பு எதற்கு? தெரிந்தால் நம்பிக்கை மாறும். நம்பிக்கை மாறினால் மதிப்பீடும் மாறும் என்பதற்காகவே. அச்சோதனையில் குளோமிப்ரமின் மற்றதைவிட மேலானதாகத் தெரிந்தது. மருந்தால் இக்கோளாற்றைத் தொட முடியும் என்ற எண்ணத்துக்கு வலுவான முதல் சான்றாக அமைந்த அந்தச் சோதனையை முடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? 13 பெண்கள். பதின்மூன்றே பேர்!

இரண்டாம் படி, 1991. குளோமிப்ரமினைவிடப் பக்க விளைவு குறைந்ததும், ஓசிடிக்குப் பயன்பட்டு வந்ததுமான ஃபுளூவாக்சடின் இக்கோளாற்றையும் தணிக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். கேரி கிறிஸ்டென்சன் குழுவினர் அதை மருந்துப்போலியோடு ஒப்பிட்டனர். மருந்துப்போலி என்பது, பார்வைக்கு மருந்தைப் போலவே இருந்தும் மருந்துச் சத்து இல்லாத மாத்திரை. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எதிர்பார்ப்பு பொய்த்தது, ஆனால் சோதனை பொய்க்கவில்லை. உண்பவருக்குப் பயன் தராத மாத்திரையைப் பயன் தரும் என்று நம்பிக் காலம் கழிப்பதிலிருந்து பின்வருவோரைக் காத்தது அந்த இல்லை என்ற விடையே.

மூன்றாம் படி, 2003. நெதர்லாந்தில் ஆக்னஸ் வான் மின்னனும் உடன் ஆய்ந்தோரும் 43 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தனர்: ஒரு பிரிவுக்கு நடத்தைச் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு ஃபுளூவாக்சடின், ஒரு பிரிவு காத்திருப்போர் பட்டியலில். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நோயாளியும் தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கலைப் போன்ற சமவாய்ப்பு முறையே அதை முடிவுசெய்ய வேண்டும். மருத்துவர் தேர்ந்தெடுத்தால் தேறக்கூடியவரை மருந்துக்கும் தேறாதவரை மற்றதற்கும் அறியாமலேயே அனுப்பிவிடக் கூடும் அல்லவா? பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நடத்தைச் சிகிச்சை மற்ற இரண்டையும்விடத் தெளிவாக முன்னின்றது.

அந்த நடத்தைச் சிகிச்சையின் வேர், 1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சியில் இருக்கிறது. கை எப்போது, எங்கே, எந்த மனநிலையில் தலைக்குப் போகிறது என்பதைக் கவனித்து அறிவது அதன் முதற்பகுதி. உந்துதல் எழும் கணத்தில் விரல்களை மடக்கி இறுக்குவது போன்ற, முடி பிடுங்க இடந்தராத மாற்றுச் செயலைச் செய்வது இரண்டாம் பகுதி. வீட்டாரும் நண்பரும் குற்றம் சாட்டாமல் துணைநிற்பது மூன்றாம் பகுதி. இன்றளவும் இக்கோளாற்றுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்தப் பயிற்சியே.

நான்காம் படி, 2009. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் கிராண்ட் தலைமையிலான குழு, என்-அசிட்டைல்சிஸ்டைன் என்னும் பொருளைச் சோதித்தது. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி உண்டவர்களுக்கு முறிவாகவும், நெஞ்சுச் சளியை இளக்குவதற்கும் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட எளிய பொருள் அது. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் அளவை அது சீராக்குகிறது என்பதே சோதனைக்கான காரணம். பெரியவர்கள் 50 பேர், பன்னிரண்டு வாரம். மருந்து உண்டவர்களுள் 56 விழுக்காட்டினர் நன்கு தேறினர். மருந்துப்போலி உண்டவர்களுள் 16 விழுக்காட்டினரே தேறினர். நம்பிக்கை பிறந்தது. பெரியவர்களுக்குப் பயன்பட்டது பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் எண்ணுவது வேறு, அறிவது வேறு.

ஐந்தாம் படி, 2013. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிளாக் குழுவினர் அதே பொருளை 8 முதல் 17 வயது வரையுள்ள 39 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். மருந்து உண்ட பிள்ளைகளுள் 25 விழுக்காட்டினர் தேறினர். மருந்துப்போலி உண்ட பிள்ளைகளுள் 21 விழுக்காட்டினர் தேறினர். வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். பெரியவரின் கோளாறும் பிள்ளையின் கோளாறும் ஒரே பெயர் தாங்கினாலும் ஒரே மருந்துக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை என்பதை எந்த வாதத்தாலும் நிறுவியிருக்க முடியாது. 39 பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முன்வந்ததால் மட்டுமே அது தெரியவந்தது.

ஆறாம் படி, 2023. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் கிராண்ட் குழுவினர், மறதி நோய்க்குத் தரப்படும் மெமான்டின் என்னும் மருந்தை, முடி பிடுங்குவோரும் தோலைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வோருமாக 100 பெரியவர்களிடம் எட்டு வாரம் சோதித்து வெளியிட்ட முடிவில், மருந்து உண்டவர்களுள் 60.5 விழுக்காட்டினரும், மருந்துப்போலி உண்டவர்களுள் 8.3 விழுக்காட்டினரும் நன்கு தேறியதாகத் தெரிந்தது. முற்றிலும் குணமானவர்களோ மருந்துப் பிரிவிலும் ஆறு பேர் மட்டுமே. தேறுதல் ஒன்று, தீர்தல் ஒன்று என்பதை மறக்கலாகாது.

இந்த ஆறு படிகளையும் ஒருங்கே நோக்கும்போது புலப்படுவது என்ன? 13 பேர், 43 பேர், 50 பேர், 39 பேர், 100 பேர்: இத்தனை சிறிய கூட்டங்களின் தோள்மீதுதான், உலகில் நூறு பேருள் ஒருவர் இருவரைப் பிடித்திருக்கும் ஒரு கோளாற்றைப் பற்றிய சிகிச்சை அறிவின் பெரும்பகுதி நிற்கிறது. அந்தக் கூட்டங்களில் மருந்து உண்டவரும் அறிவு தந்தார், மருந்துப்போலி உண்டவரும் அறிவு தந்தார், தேறியவரும் தந்தார், தேறாதவரும் தந்தார். மருந்துப்போலி கிடைத்தவர் ஏமாந்தவர் என்று எண்ணுவோர், அவர் இல்லையேல் 56 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதைக் கருத வேண்டும். ஒப்பிட 16 இருந்ததால்தான் 56 பெரிதாயிற்று.

சேர்ந்தவர்கள் தந்த அறிவு இவ்வளவு என்றால், சேராதவர்களால் விடுபட்ட அறிவு எவ்வளவு? 2009ஆம் ஆண்டுச் சோதனையின் 50 பேருள் 45 பேர் பெண்கள். மெமான்டின் சோதனையின் 100 பேருள் 86 பேர் பெண்கள். இதைப் பார்ப்பவர் இது பெண்களின் நோய் என்றே முடிவு கட்டுவார். ஆனால் 2020இல் வெளிவந்த, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெரியவர்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, ஏறத்தாழ 1.7 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருப்பதையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே அந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் காட்டியது. அப்படியானால் ஆண்கள் எங்கே? தலையை மழித்துக்கொண்டும், இளவழுக்கை என்று சொல்லிக்கொண்டும் மறைந்திருக்க ஆணுக்கு வழி உண்டு. மறைந்திருப்பவரைச் சோதனை அறியாது. சோதனை அறியாதவருக்கு மருந்து எப்படி வேலை செய்யும் என்பதை மருத்துவமும் அறியாது. மேலே சொன்ன சோதனைகள் யாவும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதால், பிற நாட்டு மக்களைப் பற்றியும் இதே கேள்வி எழும்.

ஆகவே எல்லோரும் உடனே சேர்ந்துவிட வேண்டுமா? அவ்வாறு சொல்வது பிழையாகும். சோதனையில் சேர்வதற்கும் சிகிச்சை பெறுவதற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. சிகிச்சையில், மருத்துவர் எதிரில் இருப்பவரின் நலனுக்காக மருந்தின் அளவைக் கூட்டுவார், குறைப்பார், மாற்றுவார். சோதனையில், மருந்தையும் அளவையும் காலத்தையும் முன்பே எழுதிய திட்டம் தீர்மானிக்கிறது. அதன் நோக்கம் அறிவைப் பெறுவது. இவ்வேறுபாட்டை உணராமல், தனக்காகவே எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது என்று சேர்பவர் எண்ணிக்கொள்வதை, பால் ஆப்பெல்பாமும் உடன் ஆய்ந்தோரும் 1982இல் உளமருத்துவ ஆய்வுகளை முன்வைத்து விளக்கினர். சிகிச்சை மயக்கம் என்று அதைத் தமிழில் குறிக்கலாம். ஆண்டுக்கணக்கில் தனியாகத் துன்புற்று, முதன்முறையாகத் தன் கோளாற்றைப் புரிந்துகொண்ட ஒரு மருத்துவரைச் சந்திக்கும் மனிதர், இந்த மயக்கத்துக்கு எளிதில் ஆட்படுவார். அதனால்தான் இக்கோளாற்றில் கேள்வி கேட்டுச் சேர்வது இன்னும் முதன்மையாகிறது.

என்னென்ன கேட்க வேண்டும்? இந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று கேட்க வேண்டும். மருந்துப்போலி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். இப்போது உண்ணும் மருந்தையோ பழக்க மாற்றுப் பயிற்சியையோ தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். பக்க விளைவுகள் யாவை என்று கேட்க வேண்டும். ஓலன்சபின் என்னும் மருந்தைச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், உண்ட 13 பேருள் 11 பேர் தேறினர். ஆயினும் உடல் எடையைக் கூட்டுவது அந்த மருந்தின் இயல்பு என்பதால், தேறியவரும் அதன் விலையை எண்ணிப் பார்க்க வேண்டியவரே. முடியற்ற இடங்களைப் படம் எடுப்பார்களா, அந்தப் படங்களை யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்பார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். சோதனை முடிந்தபின், பயன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்பதால் எந்த நல்ல ஆய்வாளரும் வருந்தமாட்டார். வருந்துவாராயின் அங்கே சேராமல் இருப்பதே நன்று.

கேட்கும் உரிமை ஒருவர் இரக்கப்பட்டுத் தந்த சலுகையன்று. நாஜிகளின் கொடிய சோதனைகளை விசாரித்த நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 1947இல் பிறந்த நியூரம்பெர்க் நெறிகள், தானாக முன்வந்து தரும் இசைவு இன்றி எந்த மனிதரையும் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று வகுத்தன. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய ஹெல்சிங்கி அறிக்கை, அறிவியலின் ஆர்வத்துக்கும் சமூகத்தின் நன்மைக்கும் மேலாகச் சேர்பவரின் நலனை வைக்க வேண்டும் என்ற நெறியை மருத்துவ உலகில் நிலைநாட்டியது. சேர்ந்தவர் எந்தக் காரணமும் கூறாமல், எந்த நாளிலும் விலகலாம். விலகியதற்காக அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் குறைக்கப்படலாகாது.

இந்திய நாட்டில் இந்த நெறிகள் சட்ட வடிவமும் பெற்றிருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, குறைந்தது ஏழு உறுப்பினர் கொண்ட நெறிமுறைக் குழு ஒன்று சோதனைத் திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். அக்குழுவில் மருத்துவர்கள் மட்டுமன்றிச் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களுள் ஒருவரும் இடம்பெற வேண்டும். சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கிய சோதனைப் பதிவேட்டில், 2009 முதல் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கட்டணமின்றி எவரும் தேடிப் பார்க்கலாம். தன்னை அழைக்கும் சோதனை அதில் இருக்கிறதா என்று பார்ப்பதே, சேர எண்ணுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று கூறுதல் வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவருக்காகப் பெற்றோர் இசைவு தருகிறார்கள். எனினும், விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடம் அதற்குப் புரியும் மொழியில் விளக்கி, அதன் உடன்பாட்டையும் பெற வேண்டும் என்பது நெறி. பெற்றோரின் ஆர்வம் பெரும்பாலும் முடி வளர வேண்டும் என்பதில் இருக்கும். பிள்ளையின் அச்சமோ பள்ளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் இருக்கும். இவ்விரண்டும் மோதும் இடத்தில் பிள்ளை சொல்லும் வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

சேர்பவர் செய்ய வேண்டிய கடமையும் ஒன்று இருக்கிறது. இக்கோளாற்றை அளக்க ஊசியும் கருவியும் போதா. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உருவான அளவுகோல், உந்துதல் எத்தனை முறை எழுந்தது, எவ்வளவு வலுவாக இருந்தது, அதை எவ்வளவு அடக்க முடிந்தது என்பன போன்ற ஏழு வினாக்களுக்கு நோயாளியே தரும் மதிப்பெண்ணைக் கூட்டி, 28க்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறது. நோயாளியின் சொல்லே இங்கே முதன்மையான அளவை. மருத்துவரை மகிழ்விக்கக் குறைத்துச் சொன்னாலும், வெட்கத்தால் மறைத்துச் சொன்னாலும், பயனற்ற மருந்து பயனுள்ளதாகவும் பயனுள்ள மருந்து பயனற்றதாகவும் தோன்றிவிடும். மூன்று மாத்திரையை விட்டுவிட்டேன் என்று உண்மை சொல்பவர், எல்லாம் உண்டேன் என்று பொய் சொல்பவரைவிட அறிவியலுக்குப் பெருந்துணை செய்கிறார்.

அவையோரே! சோதனையில் சேர்வது கடமையும் அன்று, தியாகமும் அன்று. தெரிந்து எடுக்கும் ஒரு முடிவு. அந்த முடிவு சேர்வதாகவும் இருக்கலாம், சேராமல் பழக்க மாற்றுப் பயிற்சியை நாடுவதாகவும் இருக்கலாம்; இரண்டும் நாணத்திலிருந்து பிறக்காமல் தெளிவிலிருந்து பிறக்க வேண்டும். சேராதவர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. வீட்டில் ஒரு பிள்ளையின் கை தலைக்குப் போகும்போது அதட்டாமல் இருப்பதும், முடி குறைந்திருப்பதைக் கண்ட தோல் மருத்துவர் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பதும், இதழாளர்கள் இதை வேடிக்கைச் செய்தியாக்காமல் எழுதுவதும், அடுத்த சோதனைக்கு முன்வரும் மனிதரின் தயக்கத்தைக் குறைக்கும். குளோமிப்ரமின் பயன்படுமா என்ற கேள்விக்கு 13 பேர் விடை சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எந்த மருந்து பயன்படும், ஆண்களுக்கு எது பயன்படும், தேறியவர் மீண்டும் தொடங்காதிருக்க எது உதவும் என்ற கேள்விகளோ இன்னும் விடைக்குக் காத்திருக்கின்றன. அந்த விடைகளைத் தரக்கூடியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சாமல் கேட்டு, அறிந்து, விரும்பினால் முன்வருவதற்குரிய சூழலை ஆக்கித் தருவது மற்ற எல்லோருடைய பொறுப்பு.